ரசலையன் சார் சொன்ன சொல்

மணி பன்னிரண்டு. ராத்திரி பன்னிரண்டு இல்லை... பகல் பன்னிரண்டு. நல்ல உச்சி.

கருங்கல் சந்தையைத் தாண்டித் தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில் ஒரு மனுஷக் குஞ்சு கிடையாது. இரண்டு பக்கமும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். நடுவில் செம்மண் ரோடு. அதில் ஒரு குடை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பேய் இருட்டில்தான் வரும் என்று நினைத்து ஒருவர் மடியில் ஒருவர் ஏறாத குறையாக ஒட்டிக்கொண்டு இருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கதை. கை நிற்கக்கூடாது. நாளைக்குக் கோயில் அசனம், சபை முழுக்கச் சாப்பாடு. பூசணிக்காய் இன்னும் இரண்டு சாக்கு கிடக்கிறது. நறுக்கிக்கொண்டே கேளுங்கள்.

அந்தக் குடைக்குக் கீழே போனவர் என் சிநேகிதி செல்லக்கனியின் பெரியப்பா, ரசலையன் சார். மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். நம்முடைய ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். தமிழ்நாட்டோடு சேர இன்னும் மூன்று வருஷம் கிடந்தது.

சாருக்கு ஒரே ஓர் அக்கா. நேசபாய். அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் போனபோது தம்பிக்கு வயது ஆறு, அக்காவுக்குப் பதினெட்டு. மிஷன் பங்களாவில் துரைசானிமாருக்கு ரேந்தை, அதாவது நூல் லேஸ், பின்னி அவள் தம்பியை வளர்த்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி ஒரு நெலைக்கு வரட்டு" என்று சொல்லியே அனுப்பினாள். தம்பி நிலைக்கு வந்தபோது பெண் கேட்க யாரும் வரவில்லை. சார் போட்டிருந்த வெள்ளை ஜிப்பா, கையில் பிடித்த குடை, வாயில் இருந்த இங்கிலீஷ், எல்லாம் அந்த நூலில் வந்தது.

அறுபது தாண்டியதும் அக்காவுக்கு ஓர்மை பிசகியது. முதலில் சாவியை மறந்தாள். பிறகு அடுப்பை. பிறகு ஆளை. தம்பியைப் பார்த்து "அப்பா" என்றாள். நூலும் ஊசியும் இல்லாமல் வெறும் விரலால் காற்றில் ரேந்தை பின்னுவாள்... பின்னிக்கொண்டே நடப்பாள். இரண்டு தடவை குளத்தில் இறங்கித் தூக்கினார்கள்.

சாரின் பெண்சாதி பூங்கனியை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று வருஷம் மூத்திரத் துணி அலசினவள் அவள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயத்தில்தான், "நானும் மனுஷிதானே, கல்லா? அந்த மடத்தை ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அழுதாள். வயதாகிப் புத்தி மாறினவர்களை வைத்துப் பார்க்க அந்த ரோட்டில் ஒரு மடம் இருந்தது. பழைய துரை பங்களா.

அதைப் பார்க்கத்தான் சார் போனார்.

கேட்டைத் திறந்ததும் பினாயில் மணம். அதற்குப் பின்னால் பயறு வேகிற மணம். வராந்தாவில் நீளமாக ஒரு பெஞ்சு. கிழவன் கிழவிகள் வரிசையாக ரோட்டைப் பார்த்து இருந்தார்கள். சார் வாத்தியார் இல்லையா... தலையைக் கண்டால் எண்ணுவார். எண்ணினார். பதினொன்று.

மடத்தைப் பார்த்துக்கொண்டவள் ஜெபகனி என்கிற அம்மாள். ஐம்பது வயது, திடமான உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. சார் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டிலைக் குலுக்கினார். விரிப்பை மோந்தார். கதவுக்குக் கொண்டி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்தார். அடிக்கிறார்களா என்று ஒரு கிழவியின் கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு குறை கிடையாது. கிணற்றுக்கு இடுப்பளவு சுவர் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் மனசு பாதி முடிவுக்கு வந்துவிட்டது.

உச்சிக் கஞ்சிக்கு மணி அடித்தார்கள். டிண்... டிண்... டிண்.

பெஞ்சிலிருந்து ஏழு பேர் எழுந்து உள்ளே வந்தார்கள். நாலு பேர் அசையவில்லை.

"அவங்களுக்குக் கஞ்சி வேண்டாமா?" என்று சார் கேட்டார்.

ஜெபகனி அகப்பையைக் கீழே வைத்தாள். "எவிய சாரே?"

"அந்த நாலு பேரும்."

அவள் வெளியே பார்க்கவே இல்லை. "சாருக்கும் அவிய தெரியுது, என்னா? சில ஆளுவளுக்குத் தெரியும்... தலையில துண்டு கெட்டினவரு தேங்காய்ப்பட்டணத்துக்காரரு. அவரு செத்து ஆறு வருசம். மடியில பொட்டணம் வச்சவ அதுக்கும் முன்ன செத்தவ. நாலு பேரையும் பின்னால தெங்குக்குக் கீழ அடக்கம் பண்ண வச்சதே நான்தான்."

சாரின் ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"பயப்படாதீங்க. ஒருத்தரையும் ஒண்ணும் செய்யாது. பாவங்க. வீட்டு ஆளு கொண்டுவந்து விட்டுட்டு எறங்கும்போ, 'போயிட்டு வாறேன்'னு சொல்லியிருக்காவ. அதான். எல்லா ஓர்மையும் போச்சு... அந்த ஒரு சொல்லு மட்டும் கெடக்கு. வாறேன்னு சொன்னவன் வரல்ல. இவிய எப்படி எழும்பிப் போவாவ?" பிறகு அவள் சொன்னாள்: "அதுனால இஞ்ச ஒரு சட்டம் உண்டு. அக்காவைக் கொண்டுவந்தா, எறங்கும்போ 'போறேன்'னு சொல்லணும். வாறேன்னு சொல்லப்படாது. நெஞ்சு வெடிச்சு அழுவாவ... ஆனா போற நேரத்துக்குப் போயிருவாவ."

சார் சிரித்தார். படித்தவர் இல்லையா. ஆனால் திரும்பும்போது வராந்தா வழியாக இறங்கவில்லை. அடுக்களை வழியாக இறங்கினார்.

அடுத்த வியாழக்கிழமை அக்காவைக் கூட்டிப் போனார். எங்கே என்று சொன்னார் தெரியுமா? கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்கு. அக்காவுக்குக் கன்வென்ஷன் என்றால் உயிர். ஓர்மை போன பிறகும் அந்தச் சொல் கேட்டதும் முகம் மலர்ந்ததாம். பூங்கனி தலை சீவி, வெள்ளைச் சேலை உடுத்திவிட்டாள். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, காளை வண்டியில் உட்கார்ந்து அக்கா மூன்று மைலும் பாடிக்கொண்டே போனாள். ஏற்றி விட்ட ஏணி பாடிக்கொண்டே போகிறது... பக்கத்தில் இவர் 'போறேன், போறேன்' என்று நாக்குக்குள் பழகிக்கொண்டே போகிறார்.

பெஞ்சில் இருத்தினார்கள். துண்டு கட்டின தேங்காய்ப்பட்டணத்துக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்ததைச் சார் பார்த்தார். பார்த்தும் இருத்தினார்.

இறங்கும்போது அக்கா குடைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா... எப்ப வருவிய?"

இங்கே இருக்கிற யாராவது, ஒரு வீட்டு வாசலில் இறங்கும்போது 'போறேன்' என்று சொல்லியிருக்கிறீர்களா? சாகப்போகிறவன் சொல்லுகிற சொல் அது. பிள்ளைகள் வாய்தவறிச் சொன்னால் நம் அம்மாமார் வாயிலேயே போடுவார்கள். ரத்தத்தில் ஊறின பழக்கம். ரசலையன் சாருக்கும் நாக்கு புரளவில்லை.

"போயிட்டு வாறேன் அக்கா" என்றார்.

அக்கா கம்பை விட்டாள். சிரித்தாள். ஜெபகனி கண்ணை மூடிக்கொண்டாள்.

சரி, சொன்னது சொல்லியாகிவிட்டது. போய்ப் பார்க்கலாம் அல்லவா? மூன்று மைல். போகவில்லை. பரீட்சை என்றார். மழை என்றார். மகளுக்கு நிச்சயமானது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஜெபகனியிடமிருந்து கடுதாசி வந்தது. நேசபாய் போய்விட்டாள், அடக்கத்துக்கு வரவும் என்று. வீட்டில் சாவுத் துட்டி என்று தெரிந்தால் கல்யாணம் நிற்கும். சார் கடுதாசியை நாலாக மடித்து ஜிப்பாப் பையில் வைத்தார். பெண்சாதியிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவைத் தென்னைக்குக் கீழே அந்நியர்கள் மண் தள்ளி மூடின அன்றைக்கு, இங்கே பந்தலுக்குக் குருத்தோலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்டர் கழிந்து இன்னொரு கடுதாசி வந்தது. 'சார், அக்கா பெஞ்சை விட்டு எழும்பமாட்டேன் என்கிறாள். சொன்ன ஆள் வந்து சொல்லைத் திருப்பி எடுத்தால்தான் போவாள். ராத்திரி அவள் பாடுகிறது மற்றவர்களுக்கும் கேட்கிறது. தயவுசெய்து வரவும்.'

இதற்குப் போனார். பயம் இழுத்துக்கொண்டு போனது என்று நான் சொல்வேன். பாசம் என்று செல்லக்கனி சொல்வாள். அவளுக்குப் பெரியப்பா இல்லையா.

அதே உச்சி. அதே ரோடு. மணி அடித்தது. ஏழு பேர் உள்ளே போனார்கள். பெஞ்சில் ஐந்து பேர் மிச்சம். கடைசியில் வெள்ளைச் சேலை.

"அக்கா..."

அவள் திரும்பினாள். உயிரோடு இருந்த கடைசி மூன்று வருஷம் அப்பா என்று கூப்பிட்டவள்... இப்போது சின்ன வயசுப் பெயரைச் சொல்லித் தெளிவாகக் கூப்பிட்டாள்.

"ஏலே ராசு. வந்தியா?"

ஓர்மை முழுக்க வந்திருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"கன்வென்ஷன் முடிஞ்சுதா மக்கா?"

சார் குடையை மடக்கினார். அக்காவே மேலே கேட்டாள்:

"பிள்ளைக்க கல்யாணம் நல்லா கழிஞ்சுதா? தடங்கல் ஒண்ணும் இல்லியே?" திட்டவில்லை. முகம் சுளிக்கவில்லை. "இவியகிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்தேன். எனக்க தம்பி சொன்னா வருவான், உங்களுக்க பிள்ளைய மாதிரி இல்லன்னு."

சார் குடையை ஊன்றிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"அக்கா... நான் போறேன்."

மரச்சீனி இலைகூட ஆடவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ராசு. நான் நல்லா அழுதுட்டு... நேரத்தே போயிருப்பேனே."

கண்ணைத் திறந்தார். வெள்ளைச் சேலை இல்லை. பெஞ்சின் கடைசியில் வெயில் மட்டும் விழுந்து கிடந்தது.

சார் அங்கேயே குந்தி அழுதார். ஜெபகனி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகம் கழுவினார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார். குடையை விரித்தார். பெரிய பாரம் இறங்கின மனுஷன், கேட்டைத் தாண்டும்போது, தண்ணீர் கொடுத்த அம்மாளுக்கு மரியாதையாகத் திரும்பிச் சொன்னார்:

"அப்போ... போயிட்டு வாறேன்."

ஜெபகனியின் கை வாய்க்குப் போனது.

பெஞ்சில் நாலு தலையும் ஒரே சமயம் அவர் பக்கம் திரும்பின. ஆறு வருஷம், எட்டு வருஷம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த தலைகள். பெற்ற பிள்ளையின் முகம் அவர்களுக்கு எங்கே ஓர்மை இருக்கிறது? சொல்லுகிற சொல்தானே ஓர்மை.

"சரி மக்கா" என்றார்கள். நாலு பேரும். சேர்ந்து.

சார் ஓடினார். குடை கேட்டில் மாட்டிக் கிழிந்தது. எடுக்கவில்லை.

மறுபடி போனாரா? எந்த மனுஷன் போவான்? பெஞ்சில் அந்த நாலு பேரும் ஒரு வாரம் பார்த்தார்கள் போல. இரண்டு வாரம் பார்த்தார்கள் போல. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. சார் உள் அறையில் படுத்திருந்தார். பூங்கனி வாசலில் உலர்ந்த மிளகாயை அள்ளப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். முறம் கையிலேயே வெறுமனே இருந்தது.

"யாரையாவது வரச் சொல்லியிருந்தியளா? நம்ம நடைப்படியில நாலு பேரு முதுகைக் காட்டிட்டு இருக்காவ."

சார் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "எங்க பாக்காவ?"

"ரோட்டைப் பாத்துட்டுதான். கூப்பிட்டா திரும்பல்ல. வயசானவிய மாதிரி இருக்கு. பினாயில் நாத்தம் அடிக்கு." அவள் குரல் இறங்கியது. "நெருக்கிப் பிடிச்சு இருக்காவ... நடுவுல மட்டும் ஒரு ஆளு இருக்க எடம் விட்டிருக்காவ."