அசையாத தண்ணீர்

இரவு ஒன்றரை மணி. பைபாஸ் சாலை. முன்னாலும் வண்டியில்லை, பின்னாலும் வண்டியில்லை. காரின் பின்சீட்டில் ஒரு துணிப்பை... அதற்குள்ளிருந்து ‘களக்... களக்’ என்று ஒரு சத்தம்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதியின் மைத்துனருக்கு நடந்தது. வீட்டில் அவருக்கு ‘அளவுகோல்’ என்றுதான் பேர். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலும், கொஞ்சுவதற்கு முன்னால் எத்தனை கிலோ என்று கேட்கிற ஆள்.

அளவுகோல் மருத்துவக் கருவிகள் செய்கிறவர். வயிற்றில் அடிபட்டவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகும் சில சமயம் உள்ளே வீங்கி அழுத்தம் ஏறும். கவனிக்காமல் விட்டால் ஆளையே கொன்றுவிடும். அதை அளக்கிற பெரிய மெஷினை வாங்க வழியில்லாத ஆஸ்பத்திரிகளுக்காக அவர் மலிவாக ஒன்று செய்தார். சிறுநீர்க் குழாயோடு சேர்கிற ஒரு பிளாஸ்டிக் குழல், அதில் கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் கோடு போட்ட பட்டை, அதில் ஆபத்தான அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. வயிற்றில் அழுத்தம் ஏறினால் தண்ணீர் ஏறும். அவ்வளவுதான். மூச்சுக்கு மூச்சு தண்ணீரும் லேசாக ஏறி இறங்கும்.

அந்த ஆட்டம்தான் நர்சுகளுக்குத் தொல்லை. எந்தக் கோட்டைப் படிப்பது? அளவுகோல் யோசித்தார். குழலின் கழுத்தில் ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகினார். தண்ணீர் சாதுவாக நின்றது. மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சோதனைக்காக இரண்டு கட்டில்களில் மாட்டினார்கள். ஒன்றில் விபத்தில் அடிபட்ட லாரிக்காரர். அடுத்ததில் ஒரு தையல்காரம்மா. லாரிக்காரர் முதல் நாள் நல்ல பேச்சு.

“என்ன தம்பி, என் வயித்துல புள்ளையா இருக்கு, இப்படி அளந்து அளந்து பாக்குற?”

மறுநாள் சாயங்காலம் அந்தக் குரலே இல்லை. “தம்பி... உள்ள யாரோ கயித்தைப் போட்டு இறுக்குற மாதிரி இருக்குப்பா.”

நர்ஸ் அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். “சார், கல்லு மாதிரி இருக்கு. டாக்டரை வரச் சொல்லட்டுமா?”

“நம்பரைப் பாருங்க சிஸ்டர். அப்போலேர்ந்து அசையவே இல்ல. ஆபரேஷன் பண்ண வயிறு, வலிக்கத்தான் செய்யும்.”

பெருமையாகத்தான் சொன்னார். வயிற்றை மெல்ல அழுத்தினால் தண்ணீர் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் குழல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு அவர் அதைச் செய்யவில்லை. தண்ணீர் துள்ளாமல் நிற்பதைப் பார்ப்பதில் அத்தனை சந்தோஷம்.

டாக்டர் வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. அன்று இரவே லாரிக்காரர் போய்ச் சேர்ந்தார்.

அளவுகோல் குழலைக் கழற்றி, கழுவுமிடத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சை வெளியே இழுத்தார். உப்புப் படிந்து, இறுகி, கட்டியாகியிருந்தது. ஒரு சொட்டுகூட அதைத் தாண்டிப் போயிருக்காது. சுற்றிலும் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வராந்தாவில் லாரிக்காரரின் மகள் நின்றிருந்தாள். “வலிக்குதுன்னு அப்பா சொன்னாரேண்ணே, இதுல ஒண்ணும் தெரியலையா?”

“அளவு சரியாத்தாம்மா இருந்துச்சு.”

“கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்க. அது போதும்ண்ணே.”

அந்த வார்த்தை அவரை அறுத்துப் போட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. தையல்காரம்மாவுக்கும் அதே குழல், அதே ஸ்பாஞ்சு... தெரியும். இப்போது போய்க் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காரை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். களக்... களக்...

தண்ணீரைக் கொட்டிவிட்டல்லவா குழலைத் துணிப்பையில் போட்டார்? காருக்குள் டீசல் வாடை வேறு. அவருடையது பெட்ரோல் வண்டி.

ஓரமாக நிறுத்தினார். பையைத் திறந்து குழலை எடுத்தார். உள்ளே தண்ணீர். இரண்டு முனையும் திறந்துதான் கிடந்தன, ஒரு சொட்டு சிந்தவில்லை. ஏறியது... இறங்கியது... ஏறியது. தன் கை ஆடுவதால்தான் என்று நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு குழலை சீட்டில் வைத்தார். அது நிற்கவில்லை. யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தண்ணீர் மேலே போகத் தொடங்கியது. சிவப்புக் கோட்டைத் தாண்டி, இன்னும் மேலே. அங்கே போய் நின்றது. அசையவே இல்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப்பையில் ஸ்பாஞ்சோடு ஒட்டிக் கிடந்த போனை உருவினார். அது நனைந்திருந்தது. வார்டுக்குப் போட்டார்.

“சிஸ்டர்... அந்தத் தையல்காரம்மா...”

“எடுத்துட்டோம் சார். ஸ்பாஞ்சை உருவினதுமே தண்ணி சட்டுன்னு எகிறிடுச்சு. இப்பத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனாங்க. நல்லவேளை, போன் பண்ணிச் சொன்னீங்க.”

“நான்... பண்ணலையே.”



“உங்க நம்பர்தான் சார். பேசினது வேற ஆளு. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். ‘தம்பிக்குச் சொல்ல வாய் வரல, அதான் நான் சொல்றேன்’னார். பக்கத்துல யாரு சார் இருக்கா?”

பக்கத்து சீட்டில் யாருமில்லை. டீசல் வாடை மட்டும்...

தையல்காரம்மா பிழைத்துக்கொண்டார். அளவுகோல் அன்றிரவே திரும்பிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஸ்பாஞ்சு வைத்த குழல் ஒன்றுகூட இப்போது கிடையாது. ஆனால் லாரிக்காரரின் மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவள் வீட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்துவிடுவார்.

போன வாரம் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேஜைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. இறுக்கி மூடியிருந்தது. உள்ளே அந்த ஸ்பாஞ்சு.

“இதைப் போய் எதுக்கு வச்சிருக்கீங்க? தூக்கிப் போட வேண்டியதுதானே?”

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போட்டுடறேன்.” என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சரி, கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்போது பார்த்தேன்... குப்பியின் கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.