உப்பு மூட்டைக்கு அடியில் இருந்த டப்பா

பூட்டி முத்திரையிடப்பட்ட மீன்கடையின் உரிமையாளருக்கு நான் ஓரகத்தி. வயது நாற்பத்தேழு. கடையின் பின்கட்டில் கூட்டாகக் குடியிருக்கிறோம். எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். வீட்டு வேலையோடு, கடைக்குச் சாமான் வாங்கும் கணக்கையும் பார்க்கிறேன். மீன், ஐஸ், கல் உப்பு தவிர வேறெதுவும் வாங்கியதில்லை. தெய்வத்துக்குப் பயந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம், வாளியே சிவந்துவிடும். கடை தொடங்கிய புதிதில் அதில்தான் மீனைக் கழுவினோம். பிரிட்ஜில் வைத்த மீன் மறுநாளே மஞ்சளித்துக் காறல் வாடை அடித்தது. நாங்கள் எல்லோரும் பிரிட்ஜைத் திட்டிக்கொண்டிருக்க, என் ஓரகத்தி ஒரே மீனை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கிணற்றுத் தண்ணீரிலும் மறு பாதியைக் குழாய்த் தண்ணீரிலும் கழுவி வைத்துப் பார்த்தாள். அதன்பின் கிணற்றுத் தண்ணீர் கடைக்குள் நுழையவில்லை. அதன்பின் குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஐஸ் போட்டுக் குளிரவைத்து, மீனை முக்கியெடுத்து, வடியவிட்டு, துடைத்து அடுக்கினாள். சதை விறைப்பாக நின்றது. ஆனால் குழம்பில் லேசாகக் கசப்பு தட்டியது. வாங்கியவர் யாரும் குறை சொல்லவில்லை. அவள் நாக்குதான் கண்டுபிடித்தது. உப்போடு கலந்து வரும் கசப்பு அது என்று தெரிந்துகொண்டு, மூட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டாள். ஈரக்காற்றுப் பட்டுக் கசப்பு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் வைத்த டப்பாவில் சேரும். வடிந்து தீர்ந்த உப்பைத்தான் மீனுக்குத் தொடுவாள். நான் அத்தனை வருஷம் உப்பைக் கையாண்டும் அதற்குள் இரண்டு ருசி இருப்பதை அறியவில்லை.

நேற்றுக் காலை எதிர்வீட்டுத் தையற்காரர் ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து, "மூணு நாளா பிரிட்ஜ்ல கெடக்கு, இன்னும் என்னை முறைச்சுப் பாக்குது. பொணத்துக்குப் போடுற மருந்தா போட்டே?" என்று கத்தினார். அவள், "அண்ணே, மீன் நாறலைன்னு சண்டைக்கு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு ரோஷம் வந்து புகார் கொடுத்தார்.

அதன்பின் அதிகாரிகள் வந்தார்கள். காவலர் ஒருவர் டப்பாவில் விரலை விட்டு நக்கி, முகத்தைக் கோணி, "ஐயா, மருந்து ஆப்புட்டுச்சு" என்றார். டப்பாவைக் கைப்பற்றிக் கடையைப் பூட்டினார்கள். மருந்து என்று உறுதியானால் உரிமம் பறிபோகும் என்றார்கள். இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பு எரிவது அந்தக் கடையால். நான் அழுதேன். அவள் அழவில்லை. "கடையப் பூட்டிக்கங்க ஐயா. சோதனைக்கு எடுத்த மீனை மட்டும் என் ஐஸ்லயே வச்சு அனுப்புங்க. வழியில கெட்டுச்சுன்னா அது என்மேல பொய் சொல்லும்" என்றாள்.

டப்பாவில் உள்ளது மீனில் சேர்த்தது அல்ல. மீனில் சேரவே கூடாது என்று அவள் பிரித்தெடுத்தது. மீனைச் சோதிக்கிறவர்கள் அதையும் சோதிக்க வேண்டுகிறேன்.

வேறு ஏதும் சொல்ல உண்டா என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வது: புகாரோடு கொடுத்த மீன் போக, பிரிட்ஜில் மீதி இருந்ததைத் தையற்காரர் வீட்டில் நேற்றிரவு குழம்பு வைத்தார்கள். இன்று காலை அவர் மனைவி பின்வாசல் வழியாகப் பாத்திரத்தோடு வந்து, "அக்கா, கடை எப்போ தெறப்பீங்க?" என்று கேட்டாள்.

எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். இதில் கூட்டியதும் இல்லை, கழித்ததும் இல்லை. அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)