பெருநாள் ரோந்து

— ஐப்பசி பிறந்தா இந்தப் பினாங்கு மலையே முக்காடு போட்டு உக்காந்துடுதுண்ணே. வானமும் சாம்பல், கடலும் சாம்பல். ஜெபமாலை மணி உருளுற மாதிரி மழை மட்டும் ஓயாம விழுது. மரித்தோர் திருநாளுக்குன்னே ஆண்டவர் ஒதுக்கி வச்ச பருவம்.

— உபதேசியார் மகள் வாயத் தொறந்தா மழைக்கும் பூசை நடக்கும்லா. இந்தா அமலம்மா, குடையை நீ பிடி. மெழுகுவத்தி நனையுது.

— சீனி முகம்மது அண்ணன் வேதக்காரங்க கல்லறைத் தோட்டத்துல நிக்கிறதைப் பாத்தா கடைத்தெருவே சிரிக்கும்.

— சிரிக்கட்டும். ஒம்போது வருசம் ரேமண்டும் நானும் ஒரே ஸ்டேஷன் போலீஸு. புருசன் கல்லறைக்கு நீ வருவேன்னுதான் வந்தேன். ஸ்டேஷன் வாசல்ல கல்லு நடுறாங்க, தெரியுமா? கடமையில செத்தவங்க பேரு.

— அதுல இவர் பேரு இல்லைன்னும் தெரியும். ரோந்து இல்லாத நேரத்துல படகுத்துறையில இவருக்கு என்ன வேலை, அபினிக்காரங்ககிட்ட பங்கு கேட்டுத்தான் குத்துப்பட்டார்னு பசார்ல மீன்காரி வரைக்கும் பேசுறா. எங்க மக லீனா பள்ளிக்கூடம் போறதையே விட்டுட்டா.

— அன்னிக்கு அது என் ரோந்து, தங்கச்சி.

— சொல்லுங்க.

— பெருநாளுக்கு முந்தின சாயங்காலம். உங்க கிறிஸ்மஸுக்கு அவனுக்காக நான் நிப்பேன், எங்க பெருநாளுக்கு எனக்காக அவன் நிப்பான். ஸ்டேஷன் துரைக்குத் தெரியாது. ரோந்துப் புத்தகத்துல என் பேரு, துறையில அவன். அவன் மேல கத்தி இறங்கினப்ப நான் வீட்டுல நோன்புக் கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தேன். அஞ்சு புள்ள. வேலை போயிடும்னு பத்து மாசம் வாயே தொறக்கல.

— இன்னிக்கு மட்டும்?

— காலையில துரைகிட்டச் சொல்லிட்டேன். கல்லுல அவன் பேரை வெட்டுறாங்க.

— அதான் இடுப்புல பெல்ட் காணோமா.

— கழட்டி வாங்கிட்டாங்க. வேலை போச்சு.

— காத்து அடிக்குது. திரியைச் சுத்திக் கை வைங்கண்ணே. அப்படியே பிடிங்க. நான் என் ஜெபத்தைச் சொல்றேன், நீங்க உங்க துஆவை ஓதுங்க.

— ஓதிட்டேன். சுடர் நிக்குது. என்னை ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டியா, அமலம்மா?

— "சீனி அண்ணன் புள்ளைங்களோட நோன்பு தொறக்கட்டும்"னு சொல்லிட்டுத்தான் அன்னிக்கு இவர் படியிறங்கினார். உங்க வீட்டு அடுப்பு அணைய வேண்டாம்னு நானும் பத்து மாசம் வாயத் தொறக்கலண்ணே. அந்த அஞ்சு பிள்ளைகளையும் ஆண்டவர் கைவிடாம காப்பாராக.