கல்லறை காட்டிய மாப்பிள்ளை

இத்தாலியின் பலேர்மோ நகரில் பேராலயத்துக்கு அருகே பஸ் ஏறிய ஒருவனும் ஒருத்தியும் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். பெண் கலியாணப் பேச்சுக்காகப் பாரிசிலிருந்து வந்தவள் என்பதும், அவன் இங்கே ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருத்தியின், வீட்டில் வேலை செய்பவன் என்பதும் அவர்கள் கதைத்ததிலேயே தெரிந்துவிட்டது.

"கலியாணம் பேச வந்தவளுக்கு விடியத் தொட்டுக் கல்லறையாக் காட்டுறியள்," என்றாள் அவள்.

"அது ராசாக்களின்ரை கல்லறை."

"ராசாவெண்டாலும் பிரேதம்தானே?"

"உரோமர் வண்ணக் கல்லுப் பதிச்ச நிலமும் காட்டினனான்."

"ஓம், பாதிக் கல்லு கழண்டு கிடக்கு. அதை ஆர் கூட்டித் துடைக்கிறது எண்டுதான் யோசிச்சனான்."

அவன் சிரிக்கவில்லை. "பின்னேரம் கால்சாப் பகுதியிலை பழைய மாளிகை ஒண்டு..."

"வேண்டாம். நீங்கள் இருக்கிற வீட்டைக் காட்டுங்கோ."

அவன் மெதுவாகச் சொன்னான்: "வீடில்லை, அடுத்த தரிப்புக்குக் கிட்ட ஒரு அறை. நாலு பெடியள் இருக்கிறம். அதைப் பாத்தால் என்னை வேண்டாமெண்டு போயிடுவியளோ எண்டு பயம்."

"அதுக்காண்டியோ இந்த வெயிலிலை என்னை இவ்வளவு தூரம் நடத்தினனீங்கள்? கலியாணம் கட்டினாலும் அந்த அறையிலையோ இருக்கிறது?"

"இல்லை, இல்லை. வேறை வீடு பாக்கிறன்."

"அப்ப என்ன பயம்? இறங்கி நடவுங்கோ, பாப்பம்."

அவன் அவசரமாகப் போனை எடுத்தான். "டேய், எழும்பிச் சாரத்தை மாத்திக் காற்சட்டை போடுங்கோடா. கட்டிலிலை கிடக்கிற உடுப்பெல்லாத்தையும் எங்கையாவது ஒளியுங்கோ. என்ரை பொம்பிளை வாறா."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். ஆனால் அவன் சொன்னதைத் திருத்தவில்லை. கையை நீட்டி, இறங்குவதற்கான மணியை அவளே அழுத்தினாள்.