காய்ச்சல் என்று வந்த எண்

மகனை வெளியூர் வேலைக்கு ரயிலேற்றிவிட்ட கலக்கம் தீராமல், தஞ்சாவூரிலிருந்து பேராவூரணி போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு அப்பாவும் மகளும்.

“ஏவுகணை கடல்ல விழுந்தா பரவாயில்லப்பா. விழுறதுக்குள்ள அதோட சூடு, அதிர்வு எல்லாத்தையும் எண்ணா மாத்தி நமக்கு அனுப்பிடணும். அதை எப்படி அனுப்பணும்னு வகுக்குறதுதான் என் வேலை.”

“அது கிடக்கட்டும். எனக்கு ஏன் தப்பா அனுப்பின?”

“சரியாத்தான் அனுப்பினேன். தினம் மூணு மெசேஜ். சாப்பிட்டா ஒண்ணு, தூங்கினா ஒண்ணு, காய்ச்சல் இல்லன்னா சைபர்.”

“எனக்கு ஒண்ணு, சைபர், ஒண்ணுன்னுல்ல வந்துச்சு? சாப்பிட்டிருக்கா, தூங்கல, காய்ச்சல்! கஷாயத்தோட ரயிலேறிட்டேன்.”

“நம்ம ஊர் டவர்ல முதல் ஒண்ணு தொலைஞ்சிருக்கு. நீங்க மறுநாள் வந்த ஒண்ணைச் சேர்த்து மூணா எண்ணிட்டீங்க.”

“உங்க ஆபீஸ் கேட்ல செக்யூரிட்டி அந்தக் கஷாயத்தை வெடிமருந்துன்னுட்டான்மா.”

“அதைச் சோதிக்கிறேன்னு எங்க ஆபீஸர் ஒரு டம்ளர் குடிச்சுட்டு ரெண்டு நாள் லீவு.”

“பேசாம தினம் ஃபோன் பண்ணிடு.”

“டெஸ்ட் நேரத்துல பேச விடமாட்டாங்கப்பா, மெசேஜ் மட்டும்தான். ஏவுகணை அனுப்புற ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால, இங்கதான் ஆரம்பம்னு ஒரு அடையாளம் வரும். நமக்கும் ஒண்ணு வெச்சுக்கலாம்.”

“அப்ப முதல்ல ‘அப்பா’ன்னு போடு.”

“சரிப்பா.”

“உன் ஏவுகணை என்னன்னு போடும்?”

“அதுக்கு வெறும் எண்தான்.”



“பாவம், கூப்பிட ஒரு ஆள் இல்ல அதுக்கு.”