டிசம்பருக்கு முந்தின நோட்டீஸ்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, இதுல உக்காருங்க. அது உங்க மாமா ஸ்டான்லி உக்காந்து உக்காந்து ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. மொதலாளியா வந்த மொத நாளே கீழ விழுந்தா நல்லாவா இருக்கும்? டோனட் எடுத்துக்குங்க. ஜாம் வச்சதை மட்டும் தொடாதீங்க, அது வெல்டிங் ஆளுங்களுது.

சரி, என்ன கேட்டீங்க? ஆளுங்களோட ஓய்வுக்காலச் சேமிப்புல கம்பெனி போடுற பங்கை ஜனவரியிலருந்து நிறுத்தணும், அதானே? புரியுது. சிகாகோவுல பெரிய படிப்பு படிச்சிட்டு வந்திருக்கீங்க, வந்ததும் எதையாவது வெட்டணும்ல. உங்க மாமாவுக்கும் ஒரு தடவை இதே ஆசை வந்துச்சு.

இதுக்கு சேஃப் ஹார்பர் திட்டம்னு பேரு. வருஷம் பூரா ஆளுங்களுக்கு நாங்களும் போடுவோம்னு கம்பெனி வாக்குக் குடுத்துட்டா, மொதலாளி தனக்குன்னு நெறைய சேத்துக்கிட்டாலும் அரசாங்கம் மொறைக்காது. அந்த வாக்கை டிசம்பர் பொறக்கறதுக்குள்ள நோட்டீஸா எல்லார் கையிலயும் குடுத்துரணும். தேவைப்பட்டா நடுவுல நிறுத்துவோம்னு அந்த நோட்டீஸ்ல ஒரு வரி எழுதியிருக்கும். நவம்பர் கடைசியில பண்டிகைக்கு வான்கோழி விருந்து சாப்ட்ட கையோட இதை எவன் படிப்பான் பெர்னடெட், அந்த வரியை எடுத்துருன்னாரு உங்க மாமா. எடுத்துட்டேன். சம்பளக் கணக்கு பாக்குறவ, சொன்னதைத்தானே செய்யணும்?

அடுத்த கோடையில அவருக்கு ஒரு படகு மேல கண்ணு விழுந்துச்சு. பங்கை நிறுத்துன்னாரு. வக்கீலம்மா முடியாதுன்னுட்டாங்க. அந்த வரி இருந்திருந்தா முன்கூட்டியே சொல்லிட்டு நிறுத்தலாமாம். இல்லேன்னா கம்பெனி நஷ்டத்துல ஓடணுமாம். அவ்வளவுதானேன்னு மனுஷன் நஷ்டத்துக்குக் காத்திருக்க ஆரம்பிச்சாரு. பனி அள்ளுற ஷவல் செய்யற கம்பெனிக்கு நஷ்டம் வரணும்னா பனி பெய்யக் கூடாது. அதுவும் பனி கொட்டித் தீர்க்குற நம்ம பஃபலோவுல! சர்ச்சுல முட்டி போட்டு வேண்டினாரு தம்பி, நான் பின் வரிசையில இருந்து பாத்தேன். நவம்பர்ல கொட்டுச்சு பாருங்க, வீட்டுக் கதவைத் திறக்க முடியல. ஷவல் செய்யச் செய்ய வித்துப் போச்சு. மொதலாளி அழுதுக்கிட்டே லாபம் சம்பாதிக்கிறாருன்னு எங்க வெல்டர் ரோஸ்கோ ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சான்.

சிரிங்க, சிரிங்க. ஆனா அந்த ரோஸ்கோவுக்கு இப்ப முட்டி ரெண்டும் போச்சு. வர்ற வருஷத்தோட வேலையை விடறான். கடைசி வருஷம்னு வயித்தைக் கட்டி வாயைக் கட்டி சேமிப்புல போடப் போறான். கம்பெனி பங்கும் சேந்தாத்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும். அதை நினைச்சா எனக்கு மனசு ஆறல.

அய்யோ, கோவப்படாதீங்க. உங்க பேச்சை மீறுவேனா? தாராளமா நிறுத்தலாம். வர்ற வருஷம் இல்ல, அதுக்கடுத்த வருஷம். உங்களை எப்ப வரச் சொல்லலாம்னு மாமா என்கிட்டதான் கேட்டாரு. நவம்பர்லயே வரட்டும்னாரு. பாவம், பையன் அம்மாவோட வான்கோழிப் பண்டிகை கொண்டாடிட்டு டிசம்பர்ல வரட்டுமேன்னு நான்தான் சொன்னேன். வர்ற வருஷம் பூரா போடுவோம்னு நோட்டீஸ் போன வாரமே எல்லார் கைக்கும் போயிருச்சு. ஆமா, நடுவுல நிறுத்துவோம்ங்கற அந்த வரி இல்லாமத்தான்.

எந்திரிங்க, ரோஸ்கோ வெளிய நிக்கிறான். உங்களுக்குக் கை குடுக்கணுமாம். இதெல்லாம் புது மொதலாளியோட நல்ல மனசுன்னு சொல்லி வச்சிருக்கேன், கொஞ்சம் சிரிச்ச மொகமா வாங்க.