படுத்திருக்கும் கட்டி

— மறைக்காம சொல்லுங்க டாக்டரம்மா. கரும்பு வெட்டறவ நானு, எதுக்கும் பயப்பட மாட்டேன். இன்னும் எத்தினி மாசம்?

— எதுக்கு எத்தனை மாசம், அம்சவள்ளி?

— நான் சாவறதுக்குத்தான். போன வாரம் மாருல ஸ்கேன் எடுக்கசொல்ல டிவில பாத்தேனே. அந்தக் கட்டி கன்னங்கரேல்னு இருந்திச்சி. நீங்களும் அதையே மொறச்சிக்கினு இருந்தீங்க.

— என் மொகமே அப்படித்தான்மா. இதோ உங்க படம். நல்லா பாருங்க, கட்டி நிக்குதா, படுத்திருக்கா?

— படுத்துக்கினு கீது. எங்க வூட்டுக்காரராட்டம்.

— படுத்திருந்தா பெரும்பாலும் நல்ல கட்டி, சரிங்களா? பக்கத்துச் சதைக்குள்ள நுழையாது. ஓரத்தைப் பாருங்க, எவ்ளோ வழுவழுன்னு இருக்கு! கெட்டதா இருந்தா நாலாபக்கமும் குத்திக்கிட்டுப் போகும்.

— அப்ப அந்தக் கருப்பு?

— உள்ள சதை ஒரே சீரா இருந்தா கருப்பாத்தான் தெரியும். அதுக்காக அப்படியே விட்டுட முடியுமா? அதான் ஊசி போட்டு அதுலேருந்து துளி சதை எடுத்தோம். லேப்ல பாத்துட்டாங்க. நாரும் பால் சுரப்பியும் சேந்து வளந்த சாதாரணக் கட்டி. ஸ்கேன் சொன்னதையே லேப்பும் சொல்லிடுச்சு. புற்றுநோய் இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்.

— நெசமாவா? மாரியாத்தா! ...ஐயையோ, கெட்டுச்சே காரியம்!

— என்னம்மா, சந்தோஷப்படாம தலையில கை வைக்கிறீங்க?

— சாவத்தான போறோம்னு நேத்து எங்க மாமியாள கிழிகிழின்னு கிழிச்சிட்டேன் டாக்டரம்மா! பதினெட்டு வருசமா மென்னு முழுங்கினது, ஒன்னு வுடல. 'நான் ஒழிஞ்சா உனக்கு நிம்மதிதான'ன்னு வேற கேட்டுட்டேன். இனிமே அது மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?

— அவங்க என்ன சொன்னாங்க?

— காத்தால எழுந்து பாத்தா ஆளக் காணோம். கோச்சிக்கினு மணலூர்பேட்டைக்கு, மவ வூட்டுக்குப் போயிருக்கும்.

— அவங்க பேரு சாலம்மாளா? ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாங்களா?

— ஆமா! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— எட்டு மணிக்கே வந்து என் கதவுகிட்ட நின்னுட்டாங்க. 'கிட்னி எடுத்து வைக்கிறாங்களாமே, அதாட்டம் எம் மார எடுத்து எம் மருமவளுக்கு வச்சிடுங்க'ன்னு அழுதாங்க.